மெஷினுக்குத் தங்கம் தெரியுமா?

அட்சய திருதியை அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் நடந்து போவதே ஒரு சாதனை. அந்தக் கூட்டத்தில் பலர் புது நகை வாங்க மட்டும் வருவதில்லை; பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்க வருகிறார்கள். பாட்டியின் ஐந்து பவுன் சங்கிலி கவுண்டருக்கு வருகிறது. விற்பனையாளர் அதை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறார். கொஞ்ச நேரத்தில் திரையில் ஓர் எண்: 88.2. "மெஷினே சொல்லிடுச்சு மேடம்!" அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி மயிலாப்பூர் மாட வீதியில் கால் மணி நேரம் நிற்பவர்கள்கூட இங்கே வாய் திறப்பதில்லை.

திறக்க வேண்டும். ஏனென்றால் அந்த மெஷினுக்குத் தங்கம் தெரியாது.

கேரட் மீட்டர் என்று கடைகளில் சொல்லப்படுவது எக்ஸ்ரே ஃப்ளூரசன்ஸ் கருவி. எக்ஸ் கதிர் பட்டதும் தங்கம், செம்பு, வெள்ளி ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிர் விடும். எந்தக் கதிர் எவ்வளவு என்று கருவி எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையை 'இத்தனை சதவீதம் தங்கம்' என்று மாற்ற வேண்டுமானால், தரம் ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த ஒரு தங்கத் துண்டை அதற்குக் காட்டிப் பழக்கியிருக்க வேண்டும். அதைத்தான் ரசாயன ஆய்வுக்கூடங்களில் சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருள் என்கிறார்கள். அந்தத் துண்டு தப்பென்றால் திரையில் வரும் எண்ணும் தப்பு. தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் காட்டினாலும் தப்பு தப்புதான்!

இன்னொரு சங்கதியும் உண்டு. கதிர் தங்கத்துக்குள் சில மைக்ரான் ஆழம்தான் பார்க்கும். ஒரு தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு. மேலே முலாம் பூசியிருந்தால் எண் ஏறும். பற்றவைத்த இடத்தில் கதிர் விழுந்தால் எண் இறங்கும். ஒரே சங்கிலியை நாலு இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

காசுக்கு வருவோம். ஐந்து பவுன் என்றால் 40 கிராம். மெஷின் ஒரே ஒரு சதவீதம் குறைத்துச் சொன்னால் 0.4 கிராம் சுத்தத் தங்கம் போச்சு. கிராம் 10,000 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 4,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு அது ஒரு மாத மளிகை.

தெரிந்ததை வைத்துத் தெரியாததை அளக்கும் இந்த யோசனை ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. மாட வீதியின் பழைய பத்தர்கள் உரைகல்லில் நகையை ஒரு கோடு இழுப்பார்கள். பக்கத்திலேயே மாற்று தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு. இரண்டு நிறத்தையும் ஒப்பிட்டுத்தான் தீர்ப்பு. இங்கே கல் வெறும் மேடை, ஆணிதான் நீதிபதி. 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்ற பேச்சு வழக்கு அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் காலத்தில் கொடுக்கப்பட்ட பொன் 'ஆடவல்லான்' என்ற கல்லால் எடை போடப்பட்டதையும், 'தண்டவாணி' என்ற தரத்தோடு ஒப்பிடப்பட்டதையும் கல்வெட்டுகளே சொல்கின்றன. ராஜா கொடுத்த பொன்னுக்கே எதை வைத்து அளந்தது என்று எழுதி வைத்தார்கள். உஸ்மான் சாலையில் அது கேட்கக்கூடாத கேள்வியாகிவிட்டது!

வணிகவியல் படிக்கும் யாருக்கும் இது சட்டென்று புரியும். ரொக்கப் புத்தகத்தை பேங்க் பாஸ்புக்கோடு ஒப்பிட்டால் அது சரிபார்ப்பு. ரொக்கப் புத்தகத்தை அதே ரொக்கப் புத்தகத்தின் ஜெராக்ஸோடு ஒப்பிட்டு 'டேலி ஆகிறது' என்றால் ஆடிட்டர் சிரிப்பார். கடை தன்னிடமுள்ள தங்கத்தையே தரம் என்று வைத்துத் தன் மெஷினைச் சரிசெய்துகொண்டால், அது இரண்டாவது ரகம்.

நல்ல ஆய்வுக்கூடம் இதை எப்படிச் செய்கிறது? ஹால்மார்க் மையங்களில் எக்ஸ்ரே கருவியோடு நிற்பதில்லை. நெருப்புச் சோதனை உண்டு. சுரண்டி எடுத்த சிறு துகளை வெள்ளியோடு சேர்த்துக் காரீயத் தகட்டில் சுற்றி, துளைகள் நிறைந்த சிறு கிண்ணத்தில் வைத்து 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் உலையில் வைக்கிறார்கள். காரீயமும் செம்பும் கிண்ணத்துக்குள் ஊறிப் போய்விடும். மிஞ்சும் மணியைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரையும். மீதித் தங்கத்தை எடை போட வேண்டியதுதான். இதிலும் கொஞ்சம் தங்கம் கிண்ணத்தோடு போகும், கொஞ்சம் வெள்ளி ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் அதே உலையில், அதே நேரத்தில், 999.9 சுத்தத் தங்கத்தையும் பக்கத்தில் வைக்கிறார்கள். அதற்கு எவ்வளவு ஏற்ற இறக்கம் ஆனதோ, அதைக் கொண்டு நகையின் கணக்கைத் திருத்துகிறார்கள். நூற்றாண்டுகளாக இருக்கும் முறை, இன்னும் இதற்குத்தான் கடைசி மரியாதை.

அந்தச் சுத்தத் தங்கத்தை உள்நாட்டிலேயே சான்றளித்துக் கொடுக்க இந்தியாவுக்கு 2019 வரை ஆனது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம், மும்பை நாணயச்சாலை, பாபா அணு ஆராய்ச்சி மையம் முதலியவை சேர்ந்து 'பாரதீய நிர்தேஷக் திரவ்ய' வரிசையில் 4201 என்ற எண்ணோடு அதை வெளியிட்டன. தங்கத்துக்கு இவ்வளவு பைத்தியமான தேசத்துக்கு இது ரொம்பவே லேட்!

சட்டம் ஒரு பக்கம் சரியாகிவிட்டது. 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாமல் நகை விற்கக்கூடாது. முத்திரையைவிடத் தரம் குறைந்திருந்தால், குறைந்த மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் கடை விற்கும் நகைக்கு. கடை வாங்கும் பழைய நகைக்கு முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. அங்கே அந்தச் சின்னப் பெட்டி வைத்ததுதான் சட்டம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் அடையாறுக்குப் பக்கத்தில், தரமணியில்தான் இருக்கிறது. முத்திரை இல்லாத நகையையும் பொதுமக்கள் ஹால்மார்க் மையத்தில் சோதித்துக்கொள்ளலாம் என்று 2022 மார்ச்சிலேயே அமைவனம் அறிவித்தது. நாலு நகை வரை 200 ரூபாய் என்பது அப்போது சொன்ன கட்டணம். பாட்டி சங்கிலியைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் அங்கே கொண்டுபோகலாம். கடைகள் பங்குக்கு, மெஷின் எந்த மேற்கோள் தங்கத்தால், எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்ற தாளை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்கவேண்டும் என்று அமைவனம் கட்டாயப்படுத்த வேண்டும். செலவாகும் என்பார்கள். விளம்பரத்தில் சினிமா நட்சத்திரத்தை நிற்கவைக்கும் கடைகளுக்கு இது ஒரு செலவா? அந்தத் தாளை ஃபிரேம் போட்டு மாட்ட, கல்லாவுக்கு மேலே லட்சுமி படத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி போதும்.