வேலிக்குள்ள நட்டால் முதலீடு, சேனையில நட்டால் குற்றம்

தனமல்வில, வெல்லவாய, சியம்பலாண்டுவ. இந்தப் பெயர்களைச் செய்திகளில் கேட்டாலே அடுத்த வரி எங்களுக்குத் தெரியும். விசேட அதிரடிப்படை சுற்றிவளைத்தது, காட்டுக்குள் இத்தனை ஆயிரம் கஞ்சாச் செடிகள் பிடிபட்டன, பெறுமதி இத்தனை இலட்சம். கீழே ஒரு படம். பிடுங்கிய செடிகள் குவியலாக எரிகின்றன, பக்கத்தில் சாரம் கட்டிய ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். அந்த ஆளுடைய முகத்தை மறைக்கக்கூட யாரும் மினக்கெடுவதில்லை.

2025 ஓகஸ்டில் வேறொரு செய்தி வந்தது. ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அரசாங்கம் தற்காலிக அனுமதி கொடுத்திருக்கிறது. இடம் மீரிகம, 64 ஏக்கர். ஒவ்வொருவரும் குறைந்தது 5 மில்லியன் டொலர் முதலிட வேண்டும், 2 மில்லியன் டொலரை மத்திய வங்கியில் வைப்பிட வேண்டும். அந்தச் செய்திக்குப் போட்ட படத்தில் பச்சைப் பசேலென்று இலைகள் மட்டும். தலை குனிந்த ஆள் ஒருத்தரும் இல்லை.

ரெண்டும் ஒரே செடி. மழையோடு முளைத்து, ஆளுயரம் தாண்டி வளர்ந்து, பூத்து, ஒரு போகத்துக்குள் வாழ்க்கையை முடித்துக்கொள்கிற ஓராண்டுப் பயிர். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். இரவு நீளும்போது பூக்கும் இனம் எண்டபடியால், பகலும் இரவும் வருடம் முழுக்கக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கிற எங்கட நாட்டு வெயில் அதற்கு நல்லாத் தோதுப்படும். முதலீட்டாளர்களுக்குக் காட்டுகிற பெரிய கவர்ச்சியே இந்தக் காலநிலைதான். குளிர் நாட்டில் விளக்குப் போட்டு, சூடேற்றி, கரண்ட் காசு கட்டி வளர்க்கிறதை இங்கே வெளி நிலத்தில் சூரியன் சும்மா செய்து தரும். ஆனால் அந்தச் சூரியனை மீரிகமவுக்கு மட்டும் யாரும் குத்தகைக்கு எடுக்கவில்லை. பெரும்போக மழைக்கு முன்னர் பற்றை வெட்டி எரித்து, சோளமும் குரக்கனும் விதைக்கிற மொனராகலைச் சேனையிலும் அதே சூரியன்தான். எந்த மண்ணில் எந்த இனம் நிற்கும், எப்ப மழை கழுத்தறுக்கும் எண்டு அறிந்த சனமும் அங்கேதான் இருக்குது. அந்த அறிவுக்கு எங்கட நாட்டில் பெயர் குற்றம்.

கஞ்சா நல்ல சாமான் எண்டு சொல்ல நாங்கள் வரவில்லை. வளரும் மூளைக்கு அது கேடு. பதினைந்து பதினாறு வயதில் தொடங்கி மனநோய் வரை போனவர்களை எல்லா ஊரிலும் காணலாம். சேனைக்காக ஒதுக்குக் காடு வெட்டப்படுவதும் பொய்யில்லை. ஆனால் கேட்டுக்குத்தான் தடை எண்டால் புகையிலையை என்ன செய்வது? வலிகாமத்துச் செம்மண்ணில் நாற்று மேடை போட்டு, நட்டு, தண்ணி இறைத்து, நுனி முறித்து, இலை வெட்டிப் பாடம் போடுகிற வேலையை எத்தனையோ தலைமுறையாகச் செய்கிறோம். ஒரு காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெரிய சந்தையே திருவிதாங்கூர்தான். (இப்ப அந்தப் பக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ‘கேரள கஞ்சா’ வருகிறது. அதிலும் பெரும்பங்கு ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளில் விளைவது.) புகையிலை எத்தனை பேரைக் கொல்கிறது எண்டு எல்லாருக்கும் தெரியும். அதற்காக எந்தப் புகையிலைத் தோட்டத்தையும் அதிரடிப்படை எரித்ததில்லை, எரிக்கச் சொல்லி நாங்களும் கேட்கப் போவதில்லை.

சட்டம் எங்கே இருந்து வந்தது எண்டும் பார்க்க வேண்டும். நச்சுப்பொருள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் 1929இல் பிரித்தானியர் எழுதியது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் இதை மருந்தில் சேர்த்து வந்தார்கள். இன்றைக்கும் ஆயுர்வேத மருந்துக்குத் தேவையான கஞ்சா எப்படிக் கிடைக்குது தெரியுமோ? பொலிஸ் பிடித்து, வழக்கு முடிந்தபிறகு நீதிமன்றம் கொடுக்கிற கஞ்சா ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்குப் போகிறது. அதாவது ஒருத்தன் சிறைக்குப் போனால்தான் இன்னொருத்தனுக்கு லேகியம். இவ்வளவு காலமும் இந்த ஏற்பாட்டில் ஒருவருக்கும் வெட்கம் வரவில்லை. 2022 நவம்பரில் வரவுசெலவுத் திட்ட உரையில் ரணில் விக்கிரமசிங்க ஏற்றுமதிக் கஞ்சா பற்றி ஆராய நிபுணர் குழு எண்டு சொன்னபோதுதான் இந்தச் செடி திடீரெண்டு மரியாதை பெற்றது. நாடு வங்குரோத்தான வருடம் அது. டொலர் வருமெண்டால் பாவம் கழுவப்படும்.

கழுவப்படாத பக்கமும் இருக்கு. அதே ஜனாதிபதியின் காலத்தில், 2023 டிசம்பரில், ‘யுக்திய’ எண்ட பெயரில் போதைப்பொருள் வேட்டை தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் 29,000 பேர் வரை கைதானார்கள், ஐ.நா. மனித உரிமை நிபுணர்களே நிறுத்தச் சொன்னார்கள். கைதானவர்கள் யார்? வடமராட்சியில் பொதி இறக்கப் போன கூலிப் பெடியன், கொழும்புத் தோட்டக் குடியிருப்பில் பொக்கற்றுக்குள் ஒரு சுருட்டோடு அகப்பட்டவன். படகுக்குக் காசு போட்டவரை யாரும் காணேல்லை. விளக்கமறியலுக்குள் போய்வந்த பெடியனுக்கு அதற்குப்பிறகு வேலையும் இல்லை, வெளிநாட்டு விசாவும் இல்லை. கஞ்சா அவனுக்குச் செய்ததை விட வழக்கு செய்ததுதான் கூட.

மீரிகம வேலியைப் பார்க்கும்போது எங்களுக்கு வேறொரு ஞாபகமும் வருகிறது. வெளிநாட்டுக் காசு, ஏற்றுமதிக்கு மட்டுமான ஒரு பயிர், சுற்றி வேலி, உள்ளே நாட்கூலி. இதை மலையகத்தில் கோப்பியாகப் பார்த்தோம், பிறகு தேயிலையாகப் பார்த்தோம். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக அந்தச் சனம் எத்தனை வருடம் வீதியில் நின்றது! புதுப் பயிருக்கும் அதே அச்சுத்தானா? அந்த 64 ஏக்கரில் வேலை செய்பவருக்கு என்ன சம்பளம், என்ன பங்கு எண்டு எந்த அறிவிப்பிலும் ஒரு வரி நாங்கள் காணவில்லை.

வேறு வழி இல்லாமலில்லை. மொரோக்கோவின் ரிஃப் மலைகளில் மாரி முடிகிற நேரம் விதைத்து, கோடையில் அறுத்து, தலைமுறையாகக் கஞ்சா பயிரிட்டவர்கள் பாதி வாழ்க்கையைப் பிடியாணைக்குப் பயந்தே கழித்தார்கள். 2021இல் அங்கே மருத்துவத்துக்கும் கைத்தொழிலுக்கும் பயிரிடச் சட்டம் வந்தபோது, பயிரிடும் உரிமையை அந்த மலைப்பகுதியின் மூன்று மாகாணத்துக் குடியானவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கொடுத்தார்கள். 2023இல் முதல் சட்டபூர்வ அறுவடை 294 தொன். 2024 ஓகஸ்டில் மன்னர், கஞ்சாப் பயிர் வழக்குகளில் தண்டிக்கப்பட்ட, தேடப்பட்ட 4,831 பேருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். அங்கே எல்லாம் சரியெண்டில்லை. களவுச் சந்தை இன்னும் பெரிசு, தண்ணி குடிக்கிற கலப்பினங்கள் ஊர் இனத்தைத் தள்ளுகின்றன. ஆனாலும் முதலில் யாரிடம் போக வேண்டும் எண்டதில் அவர்களுக்குக் குழப்பம் வரவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. கள்ளு போதைதானே? தவறணைக் குத்தகைக்காரர் கையில் இருந்த கள்ளு, 1970களில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வந்தது. மரத்தில் ஏறியவனுக்கு விற்பனையில் ஒரு பிடி கிடைத்தது, அந்தச் சங்கங்களால் பிள்ளைகள் படித்தார்கள். சாதி பார்த்து ஒதுக்கப்பட்ட ஒரு தொழிலுக்கு உரிமம் கொடுத்த அரசுதான், சேனைக்காரனுக்கு உரிமம் எண்டதும் ‘பாதுகாப்புப் பிரச்சினை’ எண்டு சொல்லுது.

எட்டாவது முதலீட்டாளருக்குக் கடிதம் அடிக்க முன்னர், எங்கட நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழும்பி இதைக் கேட்க வேண்டும். சிறு விவசாயக் கூட்டுறவுகளுக்கு எத்தனை ஏக்கர்? அதைக் காட்டுக்கு வெளியே எங்கே ஒதுக்குவீர்கள்? ஆயுர்வேதக் கூட்டுத்தாபனம் வழக்குப் பொருளை விட்டுவிட்டு அவர்களிடம் வாங்குமா? சில கிராமுக்காகவும் சில செடிக்காகவும் உள்ளே இருப்பவர்களின் பட்டியல் எப்போது நீதி அமைச்சின் மேசைக்கு வரும்? வடக்கில் மேடைக்கு மேடை ‘போதை ஒழிப்பு’ பேசுகிறவர்கள் இந்த நாலையும் கேட்டுவிட்டு எங்களிடம் வரட்டும். கேட்கிற ஒருத்தருக்காவது நாங்கள் கை தட்டுவோம்.