ஏழாம் நம்பர் குளிர்

மயூர் விஹார்லே எங்க வீட்டு சின்ன ரூம்லே ஒரு விண்டோ ஏசி இருக்கு. 2009-லே வாங்கினது. முன்னாடி ரெண்டே ரெண்டு திருகு. ஒண்ணு ஃபேன், கூல்னு மாத்தறதுக்கு. இன்னொண்ணு தெர்மோஸ்டாட். ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் நம்பர். ஏழுன்னா குல்லா, ஸ்வெட்டர் எல்லாம் வேணும். அம்மா மன்னார்குடியிலேர்ந்து வந்தா தங்கறது அந்த ரூம்லேதான்.

2024 ஏப்ரல்லே அந்த தெர்மோஸ்டாட் மண்டையைப் போட்டுடுச்சு. உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கிட்டு கம்ப்ரஸர் கட் ஆகவே இல்லை. காலையிலே பார்த்தா காயில் பூரா ஐஸ். வந்த மெக்கானிக் ரெண்டு வழி சொன்னார். அதே மாதிரி திருகு வச்சது புதுசா போட்டா அறுநூறு ரூபாய். டிஜிட்டல் கிட், ரிமோட்டோட, ஆயிரத்து எண்ணூறு. "சார், இந்தக் காலத்துலே யாரு திருகு போடறா?"ன்னு ஹிந்தியிலே ஒரு கேள்வி கேட்டார் பாருங்க, ஐடி ஆசாமிக்கு மானப் பிரச்சினையா போயிடுச்சு. டிஜிட்டலே போடுங்கன்னுட்டேன் :-)

டெக்னிக்கலா பார்த்தா அது தப்பான முடிவு இல்லை. பழைய திருகுக்குப் பின்னாடி ஒரு மெல்லிய செம்புக் குழாய் போகும். அதோட நுனி காயிலுக்கு முன்னாடி, ரூம் காத்து உள்ளே போற இடத்துலே இருக்கும். உள்ளே அடைச்சு வச்ச வாயு சூட்டுலே விரிஞ்சு ஒரு சின்ன துருத்தியைத் தள்ளும், ஸ்விட்ச் போடும். குளிர்ந்தா சுருங்கும், ஸ்விட்ச் அணையும். திருகைத் திருப்பினா ஸ்பிரிங் இறுக்கம் மாறும். அம்புட்டுதான். கரெண்டே வேணாம், ஆனா துல்லியம் கம்மி. ரெண்டு மூணு டிகிரி ஏறி இறங்கித்தான் வேலை செய்யும். டிஜிட்டல்லே தெர்மிஸ்டர்னு ஒரு மிளகு சைஸ் சமாச்சாரம். சூடு ஏறினா அதோட மின்தடை குறையும், அதைப் படிச்சு சிப் முடிவெடுக்கும். ஒரு தடவை அணைஞ்சா மூணு நிமிஷம் கழிச்சுத்தான் கம்ப்ரஸரைத் திரும்ப ஓட்டும். பழைய திருகை அணைச்சு உடனே போட்டா கம்ப்ரஸர் முனகுமே, அந்தத் தொல்லை கிடையாது. டைமர் வேற.

மே மாச பில் குறைஞ்சது. தங்கமணிகிட்டே ஒரே பெருமை. "பார்த்தியா, டிஜிட்டல்!" அம்மா ரூம்லே எட்டிப் பார்த்தா 28, 29-ன்னு இருக்கும். "என்னம்மா, குளிர் போதுமா?"ன்னா, "போதும்ப்பா"ம்பாங்க. அம்மா சிக்கனம்னு நினைச்சுக்கிட்டேன்.

அந்த ஜூன் நடுவுலே தில்லியிலே இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரியிலும் சூடு இறங்கலை. ஜூன் 19 அதிகாலை சஃப்தர்ஜங்லே பதிவான குறைந்தபட்ச வெப்பமே 35.2 டிகிரி. குறைந்தபட்சம்ங்க!

அந்த வாரத்துலே ஒரு ராத்திரி ரெண்டு மணி வாக்குலே கரெண்ட் போச்சு. இன்வெர்ட்டர்லே ஃபேன் மட்டும் ஓடுச்சு. அரை மணியிலே கரெண்ட் வந்துடுச்சு. எங்க ரூம் ஏசி தானா ஓட ஆரம்பிச்சதாலே நாங்க எழுந்திருக்கவே இல்லை. அம்மா ரூம்லே வரலை. பழைய திருகு இருந்தா வந்திருக்கும். திருகு எங்கே இருந்ததோ அங்கேயேதானே இருக்கும்! நாங்க போட்ட கிட்டுக்கு அந்த ஞாபகம் கிடையாது. கரெண்ட் போய் வந்தா சும்மா இருக்கும், யாராவது ரிமோட்டை அழுத்தணும்.

அம்மாவும் அழுத்தியிருக்காங்க. இருட்டுலே, கண்ணாடி இல்லாம, இங்கிலீஷ்லே எழுதின பதினஞ்சு பட்டன்லே எதையோ. அது ஃபேன் மோடுக்குப் போயிடுச்சு. அனல் காத்தா அடிச்சிருக்கு. குளிரைக் கூட்ட மேல் அம்புக்குறியை அழுத்து அழுத்துன்னு அழுத்தியிருக்காங்க. அப்புறம் எழுந்து போய் பால்கனியிலே நாற்காலி போட்டு, ஈரத் துண்டை தலையிலே போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. அஞ்சரைக்குப் பால் எடுக்கப் போன தங்கமணிதான் பார்த்தாங்க. எழுந்து நிற்க முடியலை, தலை சுத்துது. டாக்டர்கிட்டே தூக்கிட்டு ஓடினோம். நீர்ச்சத்து குறைஞ்சிருக்குன்னு டிரிப்ஸ் ஏத்தி, சாயங்காலம் அனுப்பினாங்க. அம்மாவுக்கு வயசு 74.

"ஏம்மா, எங்களை எழுப்பக் கூடாதா?"

"காலையிலே ஆபீஸ் போறவங்க. தூங்கறவங்களை எதுக்குப்பா எழுப்பணும்."

அன்னிக்கு சாயங்காலம்தான் அந்த அம்புக்குறி விஷயம் புரிஞ்சது. "நம்பரை ஏத்த ஏத்த புழுங்குது, மிஷின் பழசாயிடுச்சு போலிருக்கு"ன்னாங்க. திருகுலே பெரிய நம்பர்னா ஜாஸ்தி குளிர். ஏழுதான் உச்சம். ரிமோட்லே நேர் எதிர். சின்ன நம்பர்னாதான் குளிர். பதினஞ்சு வருஷமா ஒரு திருகு கத்துக்கொடுத்ததை நான் ஒரே நாள்லே தலைகீழா மாத்திட்டு, அதைச் சொல்லக்கூட இல்லை. வெந்தபோதெல்லாம் அம்மா குளிரைக் கூட்டறதா நினைச்சு 28, 29-க்கு ஏத்தியிருக்காங்க. நான் பீத்திக்கிட்ட மே மாச பில்லுலே ஒரு பங்கு அம்மாவோட வேர்வை.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். டிஜிட்டல் கெட்டதுன்னு நான் சொல்லலை. எங்க ரூம்லே அதுதான் இருக்கு, இருக்கவும் இருக்கும். ஒரு டிகிரி ஏத்தி வச்சா சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம்னு எரிசக்தித் திறன் செயலகம் (பி.இ.இ.) சொல்லுது. 2020 ஜனவரி 1 முதல், ஸ்டார் லேபிள் போட்ட ரூம் ஏசி எல்லாம் 24 டிகிரியிலேதான் ஆரம்பிக்கணும்னு விதி. 2025 ஜூன்லே மின்துறை அமைச்சர் மனோகர் லால் 20-லேர்ந்து 28 வரைக்கும்தான் வைக்க முடியும்ங்கற மாதிரி வரம்பு வரப்போகுதுன்னு அறிவிச்சார். எல்லாம் நியாயமான அக்கறைதான்.

ஆனா அக்கறை முழுக்க அந்த நம்பர் மேலேயே இருக்கு. அதை அழுத்தற விரல் யாரோடதுன்னு யோசிச்சா நல்லா இருக்கும். கரெண்ட் போய் வந்தா, முன்னே இருந்த நிலைக்கே மிஷின் தானா திரும்பணும். இது நல்ல கம்பெனி ஏசியிலே இருக்கற வசதிதான். மலிவு கிட்லேயும் இருக்கணும்னு ஏன் விதி போடக் கூடாது? ஏசி உடம்புலேயே, ரிமோட் இல்லாம தொடற மாதிரி, பெரிசா ஒரு பட்டன் ஏன் இருக்கக் கூடாது?

அதுக்கெல்லாம் காத்திருக்க வேணாம். அம்மா அப்பா வந்து தங்கற வீடுகளுக்கு, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவனா நாலு வார்த்தை. திருகை மாத்தறதுக்கு முன்னாடி மெயினை அணைச்சுப் போட்டுப் பாருங்க, தானா வருதான்னு. வராத கிட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க. ரிமோட்லே ஆன் பட்டன் மேலே ஒரு பெரிய ஸ்டிக்கர் பொட்டு, குளிர் கூட்டற கீழ் அம்புக்குறி மேலே வேற கலர்லே ஒரு பொட்டு. ரிமோட்டை ஒரு கயித்துலே கட்டி கட்டில் தலைமாட்டுலே தொங்க விடுங்க. சொல்லிக் கொடுத்தா மட்டும் போதாது, விளக்கை அணைச்சுட்டு ஒரு தடவை அவங்க கையாலேயே போடச் சொல்லிப் பாருங்க.

முக்கியமானது, "போதுமா?"ன்னு வாசல்லே நின்னு கேட்காதீங்க. நம்ம வீட்டுப் பெரியவங்க போதும்னுதான் சொல்வாங்க. அந்த ரூம்லே போய் பத்து நிமிஷம் உட்காருங்க. புழுக்கம் தெரிஞ்சுடும்.

எங்க வீட்டுலே என்ன செஞ்சோம்? அதே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அம்மா ரூம்லே திரும்பவும் திருகே போடச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! கிட் பரண்லே கிடக்கு. ஆயிரத்து எண்ணூறும் போச்சு, அறுநூறும் போச்சு.

அம்மா திருகை நாலுலே வச்சுட்டு, காயில்லே ஐஸ் கட்டுதான்னு மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுப் படுத்துக்கிட்டாங்க.