கட்டடப் படமும் கட்டக் கோடுகளும்

கட்டடப் படங்களைக் கணிப்பொறியில் வரையும் முறை, பொறியியல் அலுவலகங்கள் முதல் தொழிற்பயிற்சி நிலையங்கள் வரை இன்று நாடெங்கும் பரவிவிட்டது. வரைபலகையும் டி-ஸ்கொயரும் இருந்த இடத்தில் திரையும் மவுசும் அமர்ந்துள்ளன. புதிய முறையைப் பயில வருவோர் முதலிற் கற்கும் வசதிகள் இரண்டு. திரையில் சம இடைவெளியில் கோடுகளைக் காட்டும் ‘கிரிட்’ எனப்படும் கட்டவலை ஒன்று. சுட்டுமுனையைக் குறித்த இடைவெளிகளில் மட்டுமே நிற்கச் செய்யும் ‘ஸ்நாப்’ மற்றொன்று. இவை இயங்கிக்கொண்டிருந்தால் படம் தானாகவே பிழையற்றதாகிவிடும் என்னும் எண்ணம் பயில்வோரிடம் மட்டுமன்றிப் பயிற்றுவோர் சிலரிடமும் காணப்படுகின்றது. அவ்வெண்ணம் சரியன்று. திரையில் கட்டத்தோடு பொருந்திய கோடு, தரையில் சுவரோடும் பொருந்தும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

இவ்வசதிகள் வேண்டா என்பது இதன் பொருளாகாது. மனிதனின் கை நடுங்கும், கண் ஏமாறும். 1963-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்டு தம் ஆராய்ச்சிப் பட்டத்திற்காகப் படைத்த ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலிலேயே இக்குறைக்கு மாற்றுக் காணப்பட்டது. ஒளிப்பேனாவைக் கோட்டின் அருகே கொண்டு சென்றால் போதும். கோட்டின்மீதுள்ள இடத்தையே கணிப்பொறி எடுத்துக்கொண்டது. 1982-இல் வெளிவந்த ஆட்டோகேட் முதலிய மென்பொருள்களில் இன்றுள்ள ‘ஆப்ஜெக்ட் ஸ்நாப்’ இதன் வழிவந்ததே எனலாம். கோட்டின் முனை, நடுப்புள்ளி, இரு கோடுகள் வெட்டும் இடம், செங்குத்தின் அடி ஆகியவற்றை அது தவறாது பற்றும். இதனைக் கைவிட்டுக் கண்ணளவில் மூலையைச் சேர்த்தால், திரையிற் புலப்படாத 2 மில்லிமீட்டர் இடைவெளி நின்றுவிடும். பின்னர் அறையின் பரப்பைக் கேட்டால் மென்பொருள் எல்லையைக் காணமாட்டாது திகைக்கும். ஆகவே ஆப்ஜெக்ட் ஸ்நாப் எப்போதும் இயங்கட்டும். அதிலும் ‘நியரஸ்ட்’ என்னும் வகையை மட்டும் நிறுத்தி வைத்தல் நன்று. அது கோட்டின்மீது எங்கேனும் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு, மூலையைப் பிடித்ததுபோல் மயக்கும்.

கட்டவலையின் கதை வேறு. அதன் இடைவெளியைத் தீர்மானிப்பது மென்பொருள் அன்று, வரைபவரே. 100 மில்லிமீட்டரை அடிப்படை அலகாகக் கொண்டு, இந்தியத் தர நிர்ணயம் 190×90×90 மில்லிமீட்டர் செங்கல்லை வகுத்துள்ளது. 10 மில்லிமீட்டர் சாந்து சேர்ந்தால் 200, 100, 100 என்று கணக்கு அழகாக முடியும். அச்செங்கல்லுக்கு 100 மில்லிமீட்டர் கட்டம் மிகப் பொருத்தம். ஆனால் பல பகுதிகளில் இன்றும் கட்டப்படுவது 9 அங்குலச் சுவர். அதாவது ஏறத்தாழ 230 மில்லிமீட்டர். அதே கட்டத்தில் ஸ்நாப் அச்சுவரை 200 ஆக்கும், அல்லது 300 ஆக்கும். 200 ஆக வரைந்தால், இரு புறச் சுவர்களுக்கிடையே அமையும் ஓர் அறை தரையில் 60 மில்லிமீட்டர் குறுகிவிடும். சிந்துவெளி நகரங்களின் செங்கற்கள் உயரம், அகலம், நீளம் ஆகியவற்றில் 1:2:4 என்னும் விகிதம் பெற்றிருந்தன. அங்கே அளவு கல்லிலிருந்து பிறந்தது; கல் கட்டத்திற்கு அடங்கவேண்டியதில்லை.

மெட்ரிக் முறை 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த பின்னரும் மனைகள் அடிக்கணக்கிலேயே விற்கப்படுகின்றன. பெங்களூரில் பெருவழக்கான 30 அடிக்கு 40 அடி மனை 9144-க்கு 12192 மில்லிமீட்டர் ஆகும். 100 மில்லிமீட்டர் ஸ்நாப் அதனை 9100-க்கு 12200 ஆக்கும். ஒரு புறம் 44 குறைவு, மறு புறம் 8 மிகுதி. எல்லையிலிருந்து விடவேண்டிய இடம் குறித்து அண்டை மனைக்காரரோடு வழக்கு எழுமாயின் இவ்வெண்கள் சிறியனவாகத் தோன்றா. விசைப்பலகையில் அளவை எண்ணாகத் தட்டினால் ஸ்நாப் அதனைத் திருத்துவதில்லை. எனவே மனையின் எல்லையை எண்ணால் வரைவதே முறை.

மிகப் பெருந்தீங்கு நேர்வது, ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை அளந்து வரையும்போதுதான். பழைய பள்ளிக் கட்டடத்தின் அறை ஒன்று 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடையது என்க. மூலைகள் செங்கோணமாயின் மூலைவிட்டம் 5 மீட்டர். களப்பணியாளரின் நாடா 5.06 காட்டுமாயின், அம்மூலை 90 பாகையன்று; ஏறத்தாழ 91.4 பாகை. 3 மீட்டர்ச் சுவரின் மறுமுனை சுமார் 75 மில்லிமீட்டர் விலகி நிற்கின்றது. கட்டவலையில் வரைபவரோ இதனைக் காண வழியேயில்லை. அவர் இரு பக்கங்களைக் குறித்த அளவில் மூலைவிட்டம் 5 என்றாகிவிடும். படம் தூய்மையாக, நம்பத்தக்கதாக, பொய்யாக வந்து சேரும். அதனை நம்பி அறுத்த உத்தரமோ மேசைப்பலகையோ பொருந்தாதபோது, பழி அளந்தவர்மீது விழும், வரைந்தவர்மீது விழாது. கையால் வரைந்த நாட்களில் கோணலான அறை தாளிலும் கோணலாகவே தெரிந்தது. அந்த நேர்மையை ஸ்நாப் துடைத்துவிடுகின்றது.

ஆதலால் படவரைவாளர் பயிற்சியில் பாடங்களின் வரிசை மாறவேண்டும். இன்று பல வகுப்புகளில் முதல் நாளே எஃப் 7, எஃப் 9 விசைகள் கற்பிக்கப்படுகின்றன. ஒன்று கட்டவலையைக் காட்டும், மற்றொன்று ஸ்நாப்பை இயக்கும். காணும் இடைவெளியும் பற்றும் இடைவெளியும் தனித்தனி அமைப்புகள் என்பதுகூடச் சொல்லப்படுவதில்லை. இதற்கு முன்னதாக மாணவர் தம் வகுப்பறையையே நாடாவால் அளக்கட்டும். நான்கு பக்கங்களோடு இரு மூலைவிட்டங்களையும் குறிக்கட்டும். பிறகு ஸ்நாப்பை நிறுத்திவிட்டு, அளந்த எண்களைக்கொண்டு வட்டங்கள் வரைந்து, அவை வெட்டும் இடங்களில் மூலைகளைக் காணட்டும். இரண்டாம் முறை கட்டவலையில் அதே அறையை வரைந்து, இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும். இதற்கு விலையுயர்ந்த மென்பொருளும் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேகேடு போதும். களத்திலிருந்து வரும் குறிப்பேட்டில் மூலைவிட்டம் எழுதப்படாதிருந்தால், படம் வரையுமுன் அதனைக் களப்பணியாளருக்கே திருப்பியனுப்பும் உரிமையும் படவரைவாளருக்கு இருத்தல் வேண்டும்.