நீர் வற்றும்போது அவை எங்கே போகின்றன?

சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குப் போய்விட்டு வந்து, "அங்கே பார்க்க ஒன்றுமில்லை" என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். எப்போது போனீர்கள் என்று கேட்பேன். காலை ஒன்பது மணிக்கு என்பார்கள், மாலை நான்கு மணிக்கு என்பார்கள். எனக்கு வேண்டியது கடிகார நேரம் இல்லை. அப்போது கடல் ஏறிக்கொண்டிருந்ததா, வற்றிக்கொண்டிருந்ததா? இந்தக் கேள்விக்கு இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை.

நான் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் கைக்கடிகாரத்தைவிட ஓத அட்டவணைக்குத்தான் மதிப்பு. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். இன்று ஏறிய நேரத்துக்கு நாளை ஏறாது. ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் தண்ணீர் மிக உயரமாக ஏறி, மிகத் தாழ்வாக வற்றும். நடுராத்திரியில் தண்ணீர் ஏறினால் எங்களுக்கு நடுராத்திரியில் வேலை. கரைப்பறவைகளின் வாழ்க்கையும் இப்படித்தான் என்று ஓய்வுக்குப் பிறகு தெரிந்துகொண்டபோது, அவற்றின்மேல் எனக்குத் தனியாக ஓர் உறவு உண்டாகிவிட்டது. உள்ளானுக்கும் கோட்டானுக்கும் பகல் இரவு பெரிய கணக்கில்லை. சேறு வெளியே தெரியும் நேரமெல்லாம் சாப்பாட்டு நேரம். சேறு மூழ்கினால் ஓய்வு நேரம்.

ஆகவே சுங்கை பூலோவுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்று பகலில் கடல் எப்போது உச்சத்துக்கு ஏறுகிறது என்று பாருங்கள். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்ப் பறவைகளைப் பார்க்கும் மறைவுக் குடிலில் உட்கார்ந்துவிடுங்கள். கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்து இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

முதலில் குளம் வெறுமையாகத்தான் இருக்கும். ஓரத்தில் சாம்பல் நாரை ஒன்று நிற்கும், சின்னக் கொக்குகள் இரண்டு மூன்று உலவும். பிறகு ஜொகூர் நீரிணைப் பக்கமிருந்து பத்துப் பதினைந்து பறவைகள் அலையாத்தி மரங்களின் தலைக்கு மேலாகத் தாழ்ந்து வந்து இறங்கும். பின்னாலேயே இன்னொரு கூட்டம். பவளக்காலியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்கள் செக்கச்செவேலென்று இருக்கும். சின்னக் கோட்டானுக்கு அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும், அதன் சீழ்க்கை ஏழெட்டு முறை ஒரே சுருதியில் வரும். பச்சைக்காலி கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். தங்கத்தூள் தெளித்த முதுகோடு உப்புக்கொத்திகள் சேற்றுத் திட்டின் உலர்ந்த பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் குளத்தின் நடுத்திட்டு முழுவதும் பறவை. எல்லாம் காற்றை எதிர்த்து ஒரே திசையில் முகம் வைத்து, பாதிக்கு மேல் ஒற்றைக்காலில் நின்று, அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொள்ளும். அங்கே அவை தூங்கத்தான் வருகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்ல வரும் விஷயமே இதில்தான் இருக்கிறது.

அந்தக் குளங்கள் இயற்கை தந்தவை அல்ல. ஒரு காலத்தில் இறாலும் மீனும் வளர்த்தவர்கள் அலையாத்திக் காட்டுக்குள் வரப்பு எடுத்து, மதகு வைத்துக் கட்டியவை. பண்ணைகள் கைவிடப்பட்ட பிறகு அந்த இடத்தை வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். 1986இல், அன்றைய மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் அங்கே வந்திறங்கும் கரைப்பறவைகளைக் கண்டு, இடத்தைக் காப்பாற்றும்படி அரசிடம் எழுத்து மூலம் கேட்டார்கள். அரசு கேட்டுக்கொண்டது. 1989இல் அது இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6 அன்று அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் திறந்து வைத்தார். 2002இல் 130 ஹெக்டேர் பரப்பு சட்டப்படி இயற்கை வனக் காப்பகமானது. மறு ஆண்டே ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதி வந்தது. பின்னர் விரிவாக்கப்பட்டு, இன்று 202 ஹெக்டேர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பழைய மதகுகளை இன்றைக்கும் ஆள் வைத்து இயக்குகிறார்கள் என்பது. வெளியே நீரிணையில் தண்ணீர் ஏறும்போது, உள்ளே ஒரு குளத்திலாவது சேற்றுத் திட்டு மூழ்காமல் தெரிய வேண்டும். அப்போதுதான் பறவைகளுக்கு நிற்க இடம் இருக்கும். அதற்காக ஒருவர் நேரம் பார்த்து மதகை அடைக்கிறார், நேரம் பார்த்துத் திறக்கிறார். பார்வையாளர் கண்ணில் இந்த வேலை படுவதே இல்லை. துறைமுகத்தில் காலம் கழித்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் வற்றத் தொடங்கியதும் திட்டில் ஒரு சலசலப்பு எழும். ஒன்று சிறகை நீட்டும், இன்னொன்று கத்தும். சற்று நேரத்தில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். பெரும்பாலும் கிழக்கே. கிராஞ்சி அணையைத் தாண்டி, சில கிலோமீட்டர் தொலைவில், உட்லண்ட்ஸுக்கு இந்தப் பக்கம் மண்டாய் அலையாத்திக் காடும் அதன் முன்னால் விரியும் சேற்றுவெளியும் இருக்கின்றன. நீர் வற்றினால் அங்கே சேறு வெகுதூரம் திறந்து கிடக்கும். அந்தச் சேற்றுக்குள் புழு, சிறு நண்டு, சிப்பி, நத்தை. குட்டை அலகுக்காரர்கள் மேல்தோலைக் கொத்துவார்கள். நீண்ட அலகுக்காரர்கள் ஆழத்தில் துழாவுவார்கள். ஒருவர் உணவுக்கு மற்றவர் போட்டியில்லாமல் ஒரே சேற்றில் பல இனங்கள் பிழைக்கின்றன. அழிந்துவரும் குதிரைலாட நண்டுகளுக்கும் அதுவே வாழிடம். வலையில் சிக்கியவற்றை விடுவிக்க, சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தொண்டூழியர்கள் முழங்கால் சேற்றில் இறங்கி உழைத்திருக்கிறார்கள்.

சுங்கை பூலோ படுக்கையறை என்றால் மண்டாய் சமையற்கட்டு. இரண்டும் சேர்ந்ததுதான் வீடு. படுக்கையறைக்குச் சட்டத்தின் பூட்டைப் போட்டுவிட்டோம். சமையற்கட்டுக்கு இன்னும் அந்தப் பூட்டு வரவில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. சுங்கை பூலோவில் தங்கும் கரைப்பறவைகள் மண்டாயில் மேய்கின்றன என்பதைக் காரணமாகக் காட்டி, 2018இல் தேசியப் பூங்காக் கழகம் அந்த 72.8 ஹெக்டேரை இயற்கைப் பூங்காவாக்குவதாக அறிவித்தது. 2020இல், சுங்கை பூலோவையும் சுற்றியுள்ள பூங்காக்களையும் இணைத்து 400 ஹெக்டேருக்கு மேற்பட்ட இயற்கைப் பூங்கா வலையமைப்பு அறிவிக்கப்பட்டது. இரண்டையும் மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் இயற்கைப் பூங்கா வேறு, சட்டப்படி அறிவிக்கப்பட்ட இயற்கை வனக் காப்பகம் வேறு. பூங்காக்கள் மரங்கள் சட்டத்தின்படி அந்தத் தகுதி பெற்றவை புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, லாப்ரடோர், சுங்கை பூலோ ஆகிய நான்கு மட்டுமே. இயற்கைப் பூங்கா என்பது பெரும்பாலும் காப்பகத்துக்கு வேலியாக, மக்கள் நடமாட்டத்தின் பாரத்தைத் தாங்கிக்கொள்ள அமைக்கப்படுவது. மண்டாய்ச் சேறு யாருக்கும் வேலி அல்ல. பறவைகள் உயிர் பிழைப்பதே அங்கேதான். மண்டாயை ஐந்தாவது காப்பகமாகச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நிலம் குறைந்த நாட்டில் இப்படிக் கேட்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கும்போது அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடுவதில்லை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். இந்தத் தீவில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 75 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு இருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். இன்று எஞ்சியிருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. வீட்டுக்கும் துறைமுகத்துக்கும் நீர்த்தேக்கத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் கொடுத்தது போக மிச்சமிருப்பதைத்தான் நான் கேட்கிறேன். அந்தத் துறைமுகத்தில் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளை ஆளாக்கியவன் என்பதால் இதைக் கேட்கும் கடமை எனக்குக் கூடுதலாகவே இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. அது நம் தீவோடு முடிவதில்லை. சைபீரியாவிலும் சீனாவிலும் குஞ்சு பொரிக்கும் பறவைகள் ஆஸ்திரேலியா வரை போய்வரும் பாதையில் சிங்கப்பூர் ஒரு தங்குமிடம். இந்தப் பாதையில் மிக முக்கியமான இடைத்தங்கல், சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடலின் சேற்றுவெளிகள். அரை நூற்றாண்டில் அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அழிந்துபோனது. அதனால் பல கரைப்பறவை இனங்களின் எண்ணிக்கை சரிந்தது. பல்லாயிரம் மைல் பறந்து வரும் பறவைக்கு இடையில் ஒரு தங்குமிடம் காணாமல் போனால், அடுத்ததற்குப் போய்ச்சேரத் தெம்பு இருக்காது.

சுங்கை பூலோவில் பிடித்து, போகும் பாதையைக் கண்டறியும் கருவி பொருத்திப் பறக்கவிட்ட பவளக்காலிகளிலும் சின்னக் கோட்டான்களிலும் சில இமயமலையைத் தாண்டிப் போயின என்று 2020இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பவளக்காலிகள் திபெத்தியப் பீடபூமிக்குப் போயிருக்கின்றன. மண்டாய்ச் சேற்றில் புழு தின்று சேர்த்த கொழுப்பு, உலகத்திலேயே உயரமான மலைத்தொடரைத் தாண்டுவதற்கு எரிபொருளாகியிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்குப் பூர்வீகம் வேதாரண்யம் பக்கம். கோடியக்கரையில் இதே பவளக்காலியும் இதே கோட்டானும் மழைக்காலத்தில் வந்திறங்கும். போன பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறைவுக் குடிலில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முத்துப்பேட்டைக்காரர். என் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தவர், "அண்ணே, இது நம்மூரு உள்ளான்ல? இங்கயும் வருதா?" என்றார். அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்த்தபின், ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளிடமெல்லாம் விடுமுறை நாளில் ஒருமுறை அங்கே போய் வாருங்கள் என்று சொல்லி வருகிறேன்.

கோடியக்கரையிலிருந்து நாம் கற்க ஒன்று இருக்கிறது. அங்குள்ள சரணாலயம் 1967இல் ஏற்பட்டது. 2002இல் அதற்குப் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி கிடைத்தபோது, சரணாலயத்தோடு நிறுத்தாமல் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, தலைஞாயிறு காப்புக்காடு என்று பறவைகள் புழங்கும் பரந்த நிலப்பரப்பையே ஒரே எல்லைக்குள் கொண்டுவந்தார்கள். எல்லை போட்டதால் அங்கே குறைகள் தீர்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன், அந்தக் கரைக்கு அதன் சொந்தத் துன்பங்கள் உண்டு. ஆனால் பறவை எங்கே தூங்குகிறது, எங்கே தின்கிறது என்று இரண்டையும் பார்த்து எல்லை வரைந்தது சரியான முறை. அளவிலும் பணத்திலும் ஒழுங்கிலும் அதைவிட எளிதாக இங்கே செய்யலாம். இரு துண்டுகளுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.

மண்டாயில் மக்களுக்கு வசதி செய்து தரப்போகும் திட்டக்காரர்களிடம் சொல்ல ஒன்று மிச்சமிருக்கிறது. சுங்கை பூலோவில் பறவை தூங்கும்போது நாம் பார்க்கிறோம். மண்டாயில் அது சாப்பிடும்போது பார்க்கப் போகிறோம். சேறு திறந்திருக்கும் நேரம் சில மணிதான். அதற்குள் ஒரு கூட்டத்தை மூன்று முறை கிளப்பிவிட்டால், தின்றதில் பெரும்பங்கு பறப்பதிலேயே கரைந்துவிடும். ஆகவே நடைபாதையை மர வரிசைக்குப் பின்னால் போடுங்கள். சேற்றின்மேல் நீண்டு போகும் பலகைப் பாலம் வேண்டாம், அதில் எடுக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும். மறைவுக் குடில் ஒன்றோ இரண்டோ போதும், முகப்பில் பலகைத் தடுப்பும் பார்க்கும் துளைகளும் இருக்கட்டும். இரவில் விளக்கு வேண்டாம், அவை இரவிலும் மேய்பவை. அன்றன்றைய ஓத நேரத்தை நுழைவாயிலில் பெரிய எழுத்தில் நான்கு மொழியிலும் எழுதி வையுங்கள்: நீர் வற்றியிருக்கும்போது மண்டாய், ஏறியிருக்கும்போது சுங்கை பூலோ.