கைப்பேசியும் கால்நடை மருத்துவரும்

நமது தேவதானம் வட்டாரத்தில் தோப்புக்கும் தறி வீட்டிற்கும் நாயே காவல். இராஜபாளையம் நாயின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை; 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையே அதற்குத் தபால் தலை வெளியிட்டது. அத்தகைய நாய் நோயுற்றால், இன்று நம்மவர் முதலில் நாடுவது கைப்பேசியையே. இது தகுமா என்பதை அங்கத்தினர்கள் சிந்தித்தல் வேண்டும்.

நாய்க்கு எச்சில் ஒழுகுகிறது, தாடை தொங்குகிறது, இரை விழுங்க இயலவில்லை. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கலாம் என்று கைப்பேசி கூறுகிறது. அதை நம்பி வாயினுள் கையை விடுகிறோம். வெறிநோயிலும் இதே அடையாளங்கள் தோன்றுவதுண்டு! அந்நோய் மனிதருக்குத் தொற்றிக் குறிகளும் கண்டுவிட்டால், பிழைப்பது அரிதினும் அரிது. எச்சில் பட்ட காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும். மருந்திலும் இத்தகைய அபாயம் உண்டு. நமது காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சாகும்.

கைப்பேசி பல நோய்களின் பெயரைச் சொல்லும். இந்த நாயைத் தொட்டுப் பார்க்காது. மருத்துவரிடம் சென்றால் ஒரு நாள் வேலை கெடும் என்பர். உண்மையே. ஆயினும், கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்னும் கட்டணமில்லாத எண் உண்டு. கைப்பேசியை அதற்குப் பயன்படுத்தலாமே!

அந்த எண்ணையும் வெறிநோய்த் தடுப்பூசி நாளையும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போமாக. பலர் கூடி நாய்களை ஒரே வண்டியில் கொண்டு சென்றால் செலவும் குறையும். கூட்டுறவின் பயன் இதுவன்றோ?