அடிமை என்று அதற்கு ஏன் பெயர்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

ஒரு பொருளுக்கு இடும் பெயர் அப்பொருளின் இயல்பைச் சொல்ல வேண்டும். காரணப்பெயர் என்று இலக்கணம் கூறுவது அதைத்தான். மின்சாரத்தால் சுழலும் விசிறியை மின்விசிறி என்கிறோம், எவரும் மறுப்பதில்லை. ஆனால் பழைய கணினி ஒன்றைத் திறந்து பார்த்தால், இயல்புக்கு நேர்மாறான பெயர் ஒன்றை அதற்குள் காணலாம். அதைப் பற்றியே இக்கட்டுரை.

அக்கணினிகளில் நாடா போன்ற தட்டையான கேபிள் ஒன்று இருக்கும். அதன் ஒரு முனை மதர்போர்டில் சேரும். மற்ற இரு இணைப்பிகளில் இரண்டு டிரைவ்களை மாட்டலாம்; இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், அல்லது ஒரு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு சி.டி. டிரைவும். கேபிளின் நீளம் 18 அங்குலத்துக்கு மிகக் கூடாது. டிரைவின் பின்புறம் உள்ள ஜம்பர் என்னும் சிறு செருகியை இடம் மாற்றி, ஒன்றை 'மாஸ்டர்' என்றும் மற்றொன்றை 'ஸ்லேவ்' என்றும் அமைக்க வேண்டும். இரண்டையும் மாஸ்டர் என்றே வைத்துவிட்டால் கணினி குழம்பும். டிரைவின் மேல் ஒட்டிய அட்டையிலேயே இச்சொற்கள் அச்சாகியிருக்கும். தமிழில் சொன்னால், ஆண்டான், அடிமை!

அந்த ஆண்டான் இந்த அடிமையை ஏவுகிறதா? இல்லவே இல்லை. கணினி அனுப்பும் கட்டளை இரண்டு டிரைவ்களுக்கும் சென்று சேர்கிறது. அது யாருக்கு உரியது என்பதை ஒரே ஒரு பிட் சொல்கிறது. அது 0 ஆனால் முதலாவது வேலை செய்யும். 1 ஆனால் இரண்டாவது வேலை செய்யும். ஒன்று செய்தி அனுப்பும்போது மற்றது காத்திருக்கும். காத்திருப்பது இரண்டுக்கும் பொது. மின்சாரம் வந்தவுடன் இரண்டாவது டிரைவ், தான் இருப்பதையும் தன் சோதனை முடிந்ததையும் முதலாவதுக்குத் தெரிவிக்கிறது. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போன்ற அந்தச் சிறு வேலையைத் தவிர முதலாவதுக்குத் தனி அதிகாரம் கிடையாது. நம் பாடத்தில் வரும் மாஸ்டர்-ஸ்லேவ் பிளிப்-பிளாப்பிலாவது இரண்டாம் பகுதி முதற்பகுதியின் நிலையைப் பின்பற்றுகிறது. இங்கே அதுவும் இல்லை.

எங்கள் பள்ளிப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த பகுதி. கடைத்தெருவில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்பார். மற்றவர் தமிழில் விடை சொல்வார். ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசுவார். இதில் ஆண்டான் யார், அடிமை யார்? அந்தக் கேபிளும் அப்படிப்பட்ட ஒரு தெருதான்.

"இரும்புப் பெட்டிக்கு மானம் உண்டா? ஒரு சொல்லுக்காக ஏன் இந்த வாதம்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெட்டிக்கு இல்லை, படிப்பவனுக்கு உண்டு. என் பாட்டனார் ஒரு பண்ணையில் படியாளாக இருந்தவர். வாங்கிய கடனுக்கு உழைப்பே ஈடு. கடன் தீர்ந்ததா என்று கேட்கும் துணிவு அவருக்கு இல்லை. எழுதியவர் சொன்னதே கணக்கு. 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1975 அக்டோபர் 25 முதல் கொத்தடிமை முறை ஒழிந்தது என்றது. அதற்குப் பின்னரும் செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் கொத்தடிமைகள் மீட்கப்பட்ட செய்திகள் நம் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்தே வந்துள்ளன. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். அடிமை என்பது எனக்கு அகராதிச் சொல் அன்று, வீட்டுச் சொல்.

இந்த எண்ணம் எனக்கு மட்டும் தோன்றியதன்று. 2003 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி நிர்வாகம், தனக்குக் கருவிகள் விற்போர் இச்சொற்களைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது. அன்று பலர் நகைத்தனர். ஆனால் அதற்கு முன்பே இந்த இணைப்பு முறையின் தரநிலை ஆவணங்கள் 'சாதனம் 0', 'சாதனம் 1' என்று எழுதத் தொடங்கிவிட்டன! ஐ-ஸ்கொயர்-சி என்னும் வேறொரு இணைப்பு முறையில் ஒன்று மற்றொன்றை உண்மையிலேயே ஏவுகிறது. அதன் விதிநூலும் 2021இல் 'கட்டுப்படுத்தி', 'இலக்கு' என்று மாற்றிக்கொண்டது.

"2003இல் வந்த சாட்டா முறையில் டிரைவுக்கு ஒரு தனிக் கேபிள், இனி இந்தப் பேச்சு எதற்கு?" என்பாரும் உண்டு. பழைய கணினி போய்விடும். பழைய சொல் நோட்டுப் புத்தகத்தில் நின்றுவிடும். அதைப் படிக்கும் மாணவன், மாஸ்டர் ஆணையிடும், ஸ்லேவ் பணியும் என்றே நம்புவான். தவறான பெயர் தவறான அறிவையே தரும்.

ஆகவே, நண்பர்களே! அட்டையில் உள்ள சொல்லை அறிந்துகொள்வோம்; பழுது பார்க்க அது தேவை. ஆனால் செய்முறை ஏட்டில் சாதனம் 0, சாதனம் 1 என்றே எழுதுவோம். பேராசிரியப் பெருமக்களும் வகுப்பில் அவ்வாறே வழங்க வேண்டுகிறேன். சுழியமும் ஒன்றும் சேராமல் கணினியே இல்லை. அவற்றுள் ஆண்டான் எது, அடிமை எது?