வண்ண விளக்குகளும் வரவு செலவுக் கணக்கும்



“படிக்கிற பிள்ளைக்கு வியாபாரம் எதற்கு ஐயா?” என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே பலர். ஓவியம் வரைவது பொழுதுபோக்கு, அதை விற்பது வீண்வேலை, இரண்டும் படிப்பைக் கெடுக்கும் என்பது அவர்களின் எண்ணம். 1988 முதல் நடந்து வந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னரும் இந்த அச்சம் நீங்கவில்லை. தேர்வு விட்டுச் சென்ற இடத்தைப் பல வீடுகளில் பிரத்தியேக வகுப்புகளே நிரப்பியுள்ளன. ஒரு சிறு கலைத்தொழில் அந்த வகுப்புகள் பலவற்றைவிட நன்றாகப் பாடம் நடத்தும் என்பது என் கருத்து.

வெறும் பேச்சாக இல்லாமல் கணக்கோடு சொல்கிறேன். நான் அறிந்த ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தீபாவளிக்கு முன்பு அகல் விளக்குகளில் கோலம் தீட்டி விற்றாள். விளக்கு ஒன்று 60 சென் வீதம் 40 விளக்குகளுக்கு 24 ரிங்கிட். வண்ணமும் தூரிகையும் 18 ரிங்கிட். 10 சென் வீதம் 40 சிறு பெட்டிகளுக்கு 4 ரிங்கிட். ஆக மொத்தம் 46 ரிங்கிட். விளக்கு ஒன்றின் அடக்கவிலை 1 ரிங்கிட் 15 சென் என்று அவளே வகுத்துக் கண்டாள். 2 ரிங்கிட் என விலை வைத்தாள்.

வகுத்தல் கணக்கு நம் பாடநூலில் இல்லையா? உண்டு. ஆனால், பாடநூலில் விளக்கு உடைவதில்லை! இவளிடம் நான்கு உடைந்தன. விற்றவை 36, வரவு 72 ரிங்கிட், இலாபம் 26 ரிங்கிட். “உடைந்ததற்கும் சேர்த்துத்தானே செலவு செய்தேன்? அப்படியென்றால் அடக்கவிலை 1.15 இல்லையே?” என்று அவள் கேட்ட கேள்வி எந்தப் பயிற்சி நூலிலும் நான் காணாதது. 46ஐ 36ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1 ரிங்கிட் 28 சென். அடக்கவிலை, விற்பனை விலை, இலாபம், நட்டம் ஆகியவை கணிதப் பாடத்திட்டத்தில் இருப்பவையே. அவை அவளுக்கு அன்றே விளங்கிவிட்டன.

அடுத்து நேரக் கணக்கு. ஒரு விளக்குக்கு 20 நிமிடம் என்றால் 40 விளக்குகளுக்கு 800 நிமிடம். அதாவது 13 மணி 20 நிமிடம். 26 ரிங்கிட்டை அந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 2 ரிங்கிட்கூடத் தேறவில்லை. முதலீட்டில் பாதிக்கும் மேல் இலாபம். உழைப்புக்கோ சொற்பக் கூலி! இரண்டும் ஒரே கணக்கில் உண்மையாக இருக்க முடியும் என்பதை ஒரு குழந்தை பதினொரு வயதில் அறிவது சிறிய செய்தியா? அதன்பின் கடையில் கைவினைப் பொருளைப் பார்த்து, “இதற்கு இவ்வளவு விலையா?” என்று அவள் எளிதில் கேட்க மாட்டாள். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இன்றும் மண்பாண்டம் வனையும் நம்மவரின் உழைப்பும் அவளுக்குப் புரியும்.

மொழிப்பாடமும் இதில் அடங்கியிருக்கிறது. விலைப்பட்டியல் எழுத வேண்டும். பெட்டியில் வாழ்த்து எழுத வேண்டும். அண்டை வீட்டு மலாய்க்காரரிடமும் சீனரிடமும் கோலத்தைப் பற்றித் தேசிய மொழியில் விளக்க வேண்டும். கட்டுரை ஏட்டில் ஒற்றுப்பிழை விட்டால் ஆசிரியரின் சிவப்பு மை மட்டுமே தண்டனை. விற்பனை அட்டையில் பிழை விட்டால் வாங்க வந்தவர் எல்லாரும் பார்ப்பர். பிழையின்றி எழுத வேண்டும் என்ற அக்கறை அங்கே தானாகவே பிறக்கிறது.

இது நம் கல்விக்குப் புறம்பான செய்தியன்று. 2011இல் அறிமுகம் கண்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் தொழில்முனைப்பு விரவிவரும் கூறுகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. ஆனால், பள்ளிகளில் நடப்பது என்ன? சிற்றுண்டி விற்பனை நாளில் தாய்மார் சமைக்கிறார்கள், ஆசிரியர்கள் காசு வாங்குகிறார்கள், பிள்ளைகள் தட்டு ஏந்துகிறார்கள். கணக்கைப் பெரியவர்களே முடித்துவிட்டால் பிள்ளை எதைக் கற்கும்?

வீட்டிலும் இதே நிலைதான். பிள்ளை செய்தது விற்காமல் போகுமோ என்று அஞ்சி, அப்பா பத்து, சித்தி பத்து, மாமா பத்து என்று வாங்கித் தீர்த்துவிடுகிறார்கள். அன்பு பெரிதுதான், பாடம் போய்விடுகிறது. விற்காத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் விற்கவில்லை என்று சிந்திக்கும் வாய்ப்பைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடாதீர்கள். பத்து இருபது ரிங்கிட் நட்டத்தைக் குடும்பம் தாங்கும். பிற்காலத்தில் பெருங்கடன் என்ற பெயரில் அப்பாடம் வந்தால் தாங்குமா?

“சிறு வயதிலேயே காசின் மீது ஆசை வந்துவிடுமே” என்பார்கள். கணக்கு எழுதாமல் கையில் கிடைக்கும் காசுதான் ஆசையை வளர்க்கும். உழைத்து, எழுதி, எண்ணிப் பார்த்த காசு பொறுப்பை வளர்க்கும். வள்ளுவரும் பொருளை ஒதுக்கிவிடவில்லை. ‘பொருள் செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார்.

எல்லையும் வேண்டும். பள்ளி நாள்களில் அரை மணி நேரத்திற்கு மேல் வேண்டாம். புலனத்தில் விளம்பரம் செய்வதாயின் பெற்றோரின் கணக்கிலிருந்தே செல்லட்டும். பிள்ளையின் படமோ வீட்டு முகவரியோ அதில் இடம்பெற வேண்டாம். குடும்ப வருமானத்திற்குப் பிள்ளையின் கையை நம்பும் நிலை வந்தால் அது கல்வியன்று, சுமை. அங்கே நிறுத்திவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு விற்பனை நாளில் ஒரு மேசையை மட்டுமாவது முழுக்க மாணவர்களிடம் விட்டுப் பாருங்கள். விலையை அவர்களே வைக்கட்டும்; மீதிச் சில்லறையை அவர்களே எண்ணிக் கொடுக்கட்டும். மறுநாள் கணிதப் பாடத்தில் அந்தக் கணக்கேட்டையே திறந்து வையுங்கள். பெற்றோர்களே, நீங்கள் ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தொடக்கத்திற்கு அது போதும்.